துக்கம் விசாரித்த குற்றம்

பென்ஹாலோ இல்லத்தின் பணியாளர் கையேட்டில் அறுபத்திரண்டு பக்கங்கள் இருக்கின்றன. தீ விபத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். முகபாவனைக்கு ஏழு பக்கம்.

மொன்றியலின் மேற்குப் பகுதியில் உள்ள இந்தச் செங்கல் கட்டடம், நூற்றைம்பது ஆண்டுகளாக ஆங்கிலேயக் குடும்பங்களின் முதியவர்களைப் பராமரித்து வருகிறது. வாசல் பலகைகள் எல்லாம் பிரெஞ்சில் இருக்கின்றன, சட்டம் அப்படி. உள்ளே நிலவும் மௌனம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதற்கு இன்னும் சட்டம் வரவில்லை.

வசீகரன் அங்கே சமையற்காரர். கட்டாரில் ஒரு ஹோட்டலில் ஆறு ஆண்டு சமைத்துவிட்டு, இந்த இல்லம் அனுப்பிய கடிதத்தைக் காட்டிக் கனடாவுக்கு வந்தவர். அவருடைய வேலை அனுமதி பென்ஹாலோ இல்லத்துக்கு மட்டுமே செல்லும். வேறு சமையலறையில் கரண்டியைத் தொட்டால் சட்டவிரோதம். அனுமதி மார்ச் முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க இல்லத்தின் பணிப்பாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். கடிதம் கிடைக்காவிட்டால் வசீகரனும் மனைவி வித்தியாவும், பிரெஞ்சுப் பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் லக்சனாவும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மூன்று ஆண்டுகளில் அவர்மீது இரண்டு குறிப்புகள் பதிவாகியிருந்தன. முதலாவது, மிஸ் கார்ட்ரைட் என்ற தொண்ணூறு வயது மூதாட்டிக்குத் தொண்டையில் உருளைக்கிழங்கு அடைத்தபோது நடந்தது. வசீகரன் ஓடிப்போய் முதுகில் அறைந்து அதை வெளியே எடுத்தார். உயிரைக் காத்ததற்கு இல்லம் எழுத்தில் நன்றி தெரிவித்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஓடியது மற்றப் பதினொரு பேருக்குச் சங்கடம் கொடுத்ததாக அடுத்த வரியில் குறிப்பிட்டது. மிஸ் கார்ட்ரைட், தான் மூச்சுத் திணறியதற்கு மன்னிப்புக் கேட்டு அந்தப் பதினொரு பேருக்கும் தனித்தனியே அட்டை எழுதினார்.

இரண்டாவது குறிப்பு இன்னும் சுருக்கமானது: "எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது பதில் சொன்னார்." அன்று அவருக்குப் பல்வலி. அதைச் சொல்லிவிட்டார்.

அந்த இல்லத்தில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்ற ஒரே ஆள், பணிப்பாளரின் மனைவி மார்கரெட் ஏன்ஸ்லி. புதன்கிழமைகளில் நூலகத்தை ஒழுங்குபடுத்த வருவார். சமையலறைக்குள் எட்டிப்பார்த்துக் கேட்பார். கேட்டபின் கதவைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். லக்சனாவின் பிறந்தநாளுக்கு ஒரு புத்தகம்கூடக் கொடுத்துவிட்டிருந்தார்.

மார்ச் மூன்றாம் திகதி, திங்கட்கிழமை, காலைக் கூட்டத்துக்குப் பணிப்பாளர் ஜெஃப்ரி ஏன்ஸ்லி வழக்கம்போல் எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்தார். அறுபத்தெட்டு வயது, உயரம், பிழையின்றிக் கட்டிய கழுத்துப்பட்டி.

"இரண்டு அறிவிப்புகள்" என்றார். "மின்தூக்கி வியாழக்கிழமை பழுதுபார்க்கப்படும். சனிக்கிழமை என் மனைவி காலமானார். மின்தூக்கி தொடர்பாகக் கேள்வி இருந்தால் திருமதி தோர்ன்பெரியிடம் கேட்கலாம்."

ஒரு கை உயர்ந்தது. சாமான் ஏற்றும் சின்ன மின்தூக்கி ஓடுமா என்று கேட்டார்கள். ஓடும் என்றார் திருமதி தோர்ன்பெரி. கூட்டம் முடிந்தது.

திருமதி தோர்ன்பெரி பணியாளர் பிரிவுத் தலைவி. மதியத்துக்குள் அவர் ஓர் இரங்கல் அட்டையும், அதில் எழுதக்கூடிய ஆறு வாக்கியங்கள் அச்சிட்ட தாளும் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் ஒரு வாக்கியத்தைத் தெரிவுசெய்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். வசீகரன் தன் சொந்த வாக்கியம் ஒன்றை முதலில் தாளில் எழுதிக் காட்டினார்: 'அவர் என்னிடம் நலம் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நிற்பார். அதை மறக்கமாட்டேன்.'

திருமதி தோர்ன்பெரி அதை இரண்டு தரம் படித்தார்.

"அழகாக இருக்கிறது. ஆனால் சற்று நீளம். அதோடு, உண்மைபோல் இருக்கிறது. இதைப் படித்தால் அவருக்கு ஏதாவது தோன்றிவிடக்கூடும்."

வசீகரன் மூன்றாம் இலக்க வாக்கியத்தை எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு, ஈமச்சடங்கு எப்போது என்று கேட்டார்.

"நடந்து முடிந்துவிட்டது. தனிப்பட்ட முறையில்."

"வீட்டுக்குப் போகவேண்டாமா?"

அந்த அம்மையார் அவரைப் பரிவோடு பார்த்தார். பரிவுக்கான பார்வை கையேட்டின் முப்பத்தொன்பதாம் பக்கத்தில் விளக்கப்பட்டிருக்கிறது. "வசீகரன், துயரம் என்பது குளியலறை மாதிரி. உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் கதவைத் தட்டக்கூடாது. அதுதான் மரியாதை. என் தாய் இறந்தபோது எனக்கு நாற்பத்தேழு அட்டைகள் வந்தன. ஒருவர்கூட வீட்டுக்கு வரவில்லை. அந்த அளவுக்கு என்னை மதித்தார்கள். அட்டைகளை அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன்."

கார்ட்டியர்வில்லில் உள்ள வசீகரனின் இரண்டு அறை வீட்டில் வெள்ளிக்கிழமை பின்னேரம் இந்த விடயம் பேச்சுக்கு வந்தது. வித்தியாவின் தாய்மாமன் அருளம்பலமும் அவர் மனைவி யோகராணியும் வந்திருந்தார்கள்.

"செத்து எத்தினை நாள்?" என்று யோகராணி கேட்டார்.

"இண்டையோட ஏழு நாள் மாமி."

"ஏழு நாளோ? நீர் இன்னும் போய்ப் பாக்கேல்லையோ தம்பி?"

"அங்க ஒருத்தரும் போகேல்லை. போகக்கூடாதாம்."

"ஆர் சொன்னது? மனிசி செத்த வீட்டில மனிசன் தனிய இருக்குது, ஒரு சனமும் எட்டிப் பாக்கேல்லை எண்டா அதென்ன வீடோ, மடமோ?"

அருளம்பலம் தொண்டையைச் செருமினார். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். "இஞ்ச பார் தம்பி, வெள்ளையளை எனக்கு முப்பத்திநாலு வருசமாத் தெரியும். வெளியில காட்டமாட்டாங்கள். ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு உள்ளுக்குள்ள எண்ணிக்கொண்டு இருப்பாங்கள்."

"நீங்கள் எத்தினை வெள்ளையளின்ர வீட்டுக்குப் போயிருக்கிறியள் மாமா?" என்றாள் வித்தியா.

"ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறன்."

"என்னத்துக்கு?"

"ஃப்ரிட்ஜ் இறக்க."

வித்தியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அருளம்பலம் விடவில்லை. "சிரியாத. இவன்ர கடிதத்தில கையெழுத்து வைக்கிற மனிசன் அது. செத்தவீட்டுக்குப் போகாமப் பேந்து எந்த முகத்தோட போய்க் கடிதம் கேக்கிறது?"

"கடிதத்துக்காகச் செத்தவீட்டுக்குப் போறதெண்டா நான் வரேல்லை" என்றாள் வித்தியா. "அந்த மனிசி என்ர பிள்ளைக்குப் புத்தகம் குடுத்துவிட்டவ. அதுக்குத்தான் போகவேணும்."

"ரெண்டுக்குமாப் போவம்."

"ஃபோன் அடிச்சுச் சொல்லிப்போட்டுப் போவமோ?" என்று வசீகரன் கேட்டார்.

யோகராணி அவரைப் பார்த்த பார்வை எந்தக் கையேட்டிலும் இல்லை. "செத்தவீட்டுக்கு ஆர் ஃபோன் அடிச்சுக் கேட்டுப் போறது? 'நாங்கள் வந்து அழலாமோ' எண்டோ கேக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் நாள், லக்சனாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நால்வரும் அருளம்பலத்தின் வான் வண்டியில் புறப்பட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கமாட்டார்கள் என்பதால் யோகராணி விடியவே எழுந்து சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு எல்லாம் சமைத்து அடுக்குச் சட்டியில் வைத்திருந்தார். ஏன்ஸ்லியின் வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், முருகன் கோயிலிலிருந்து ஐந்து நிமிடத் தூரம். மாதத்தில் இரண்டு தரம் அந்தத் தெருவைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு முன்னால் கார்கள் இல்லை. ஆட்கள் இல்லை. சத்தம் இல்லை.

"அட்ரஸ் சரியோ தம்பி?" என்றார் அருளம்பலம். "செத்தவீடு மாதிரித் தெரியேல்லையே."

கதவைத் திறந்தவர் ஏன்ஸ்லிதான். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நால்வரையும், அடுக்குச் சட்டியையும் பார்த்தார்.

"எவ்வளவு அன்பான செயல்" என்றார். "இது அவ்வளவு பொருத்தமான நேரமாக இல்லாதிருக்கலாம் என்று நினைக்கிறேன்."

பென்ஹாலோ இல்லத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்டவர்கள் அதே வேகத்தில் திரும்பிப் போய்விடுவார்கள். வசீகரனும் இரண்டு படி இறங்கிவிட்டார். ஆனால் யோகராணி அதற்குள் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?" என்று கணவரைக் கேட்டார்.

"இப்ப நேரம் சரியில்லையாம்."

"செத்தவீட்டில நேரம் எப்பிடிச் சரியா இருக்கும்? பாவம் மனிசன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

முதல் பத்து நிமிடம் ஐவரும் வரவேற்பறையில் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். துக்க வீட்டில் போனவுடன் வாய் திறப்பதில்லை. ஏன்ஸ்லிக்கு இது மிகவும் பிடித்தது. அவருடைய தோள்கள் சற்றுத் தளர்ந்தன. நாகரிகமானவர்கள் என்று எண்ணியிருக்க வேண்டும். பதினோராம் நிமிடம் யோகராணி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எப்பிடி நடந்தது எண்டு கேளும் தம்பி."

வசீகரன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதயம்" என்றார் ஏன்ஸ்லி. "விரைவில் முடிந்துவிட்டது. நன்றி."

"எத்தினை மணிக்கு? பக்கத்தில ஆர் இருந்தது? என்ன சாப்பிட்டவ? கடைசியா என்ன கதைச்சவ?"

யாழ்ப்பாணத்தில் இவை சாதாரணக் கேள்விகள். வருகிற ஒவ்வொருவரும் இவற்றைக் கேட்பார்கள். வீட்டுக்காரர் முதலிலிருந்து முழுவதும் சொல்வார். ஐம்பதாவது தரம் சொல்லும்போது அவருக்கே தொண்டை வற்றி, கதை மெல்ல ஆறத் தொடங்கும். ஏன்ஸ்லியிடம் ஒன்பது நாளில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. அவர் முழங்காலில் வைத்திருந்த கைகளைப் பார்த்தபடி பதில் சொல்லத் தொடங்கினார்.

"காலை பத்தே கால். நான் இங்கே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறையிலிருந்து, தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம், நன்றி என்றேன்."

வசீகரன் மொழிபெயர்த்தார்.

"அதுக்குப் பேந்து?" என்றார் யோகராணி.

"இருபது நிமிடம் கழித்துப் போனேன். தரையில் கிடந்தாள். கால் மணி நேரமாவது நினைவோடு இருந்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னார்."

"கூப்பிடேல்லையோ?"

வசீகரன் அதையும் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரியும். அவள் யாரையும் தொந்தரவு செய்யமாட்டாள்."

அந்த வாக்கியம் தன் வாயிலிருந்து வருவதை அவர் முதல்முறையாகக் கேட்டார். பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. குழாயில் காற்றடைத்ததுபோல் இருந்ததால் அருளம்பலம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யோகராணி திரும்பவில்லை. எழுந்து போய் அந்த மனிதரின் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டு, தானும் குரலெடுத்து அழுதார். தான் ஒருநாளும் காணாத மார்கரெட்டுக்காக அழுதார். முள்ளிவாய்க்காலில் போன தன் தம்பியையும் சேர்த்துக்கொண்டார். துக்க வீட்டில் பழைய சாவுகளையும் சேர்த்து அழுவது வழக்கம். நாற்பது நிமிடம் ஆனது. பிறகு ஏன்ஸ்லி முகம் கழுவி வந்து சோறு சாப்பிட்டார். கத்தரிக்காயை மறுபடி கேட்டார்.

ஐந்து பத்துக்கு நால்வரும் எழுந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியேறி, வண்டியில் ஏறிப் போனார்கள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஏன்ஸ்லி வசீகரனைப் பார்க்கவில்லை. மதியம் ஒரு கடிதம் வந்தது. வியாழக்கிழமை நடத்தைக் குழுவைச் சந்திக்க அவருக்கு நேரம் இருக்குமானால் தாங்கள் மிகுந்த மகிழ்ச்சி அடைவோம் என்று எழுதியிருந்தது. நேரம் இல்லாவிட்டால் வேலை இல்லை என்பது அடிக்குறிப்பில் இருந்தது.

குழுவில் திருமதி தோர்ன்பெரியும், இல்லத்தின் நிர்வாக சபைத் தலைவர் திரு. வின்டர்பர்னும் இருந்தார்கள். மேசையில் மூன்று கோப்பைத் தேநீரும் ஒரு முறைப்பாடும் இருந்தன. முறைப்பாட்டை எழுதியவர் ஏன்ஸ்லி. திரு. வின்டர்பர்ன் அதை வாசித்தார்:

"'கடந்த ஞாயிற்றுக்கிழமை திரு. வசீகரனும் குடும்பத்தினரும் என் வீட்டுக்கு வந்தார்கள். உணவு மிகச் சிறப்பாக இருந்தது. நான் நாற்பது நிமிடம் அழுதேன். 1987க்குப் பிறகு இதுவே முதல்முறை. அப்போதும் அது நாய்க்காக. அன்று எட்டு மணி நேரம் உறங்கினேன். மறுபடியும் அப்படி அழவேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நிலைமையின் பாரதூரத்தைக் குழு உணரும் என்று நம்புகிறேன். திரு. வசீகரன்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை வரவேற்பேன்.'"

வாசித்து முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தார். மரியாதைக்குறைவான படங்களை அப்படித்தான் வைப்பார்கள்.

"திரு. வசீகரன், என் பாட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். போர்க் காலத்தில் அவருடைய மூத்த மகன் இறந்த தந்தி மதிய உணவின்போது வந்தது. படித்தார். மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தார். புடிங்கைச் சாப்பிட்டு முடித்தார். மேசையில் இருந்த எட்டுப் பேருக்கும் மூன்று நாள் கழித்துத்தான் விடயம் தெரிந்தது. இந்த இல்லம் அந்தப் புடிங்கின் மேல் கட்டப்பட்டது."

"பிறகு?" என்றார் வசீகரன். கேட்கக்கூடாது என்பது கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"பிறகு அவர் முப்பது ஆண்டு தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளவில்லை."

திருமதி தோர்ன்பெரி குற்றங்களை வாசித்தார். அழைப்பின்றி வந்தது. இறப்பைப் பற்றி விசாரித்தது. இல்லத்தின் தலைவரை மூன்று பெரியவர்களும் ஒரு கீழ்ப்பணியாளரும் பார்க்க அழவைத்தது.

"இந்த மூன்றையும் குழு மன்னிக்கிறது" என்றார். "இது உங்கள் கலாச்சாரம். எல்லாக் கலாச்சாரங்களையும் நாங்கள் மதிக்கிறோம். கடந்த நவம்பரில் அதற்காக ஒருநாள் வகுப்பே நடத்தினோம். கலாச்சாரங்கள் சத்தம் போடாதவரை அவற்றால் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நான்காவதைத்தான் எங்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை."

"நான்காவது என்ன?"

அம்மையாரின் குரல் தாழ்ந்தது. "போய் வருகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டீர்கள். திரு. ஏன்ஸ்லி கையைப் பாதி உயர்த்தியபடி பதினொரு நிமிடம் வாசலில் நின்றிருக்கிறார். வெளியே மைனஸ் பதினான்கு பாகை."

வசீகரன் விளக்கினார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறோம் என்று ஆகிவிடும். அதனால் பேசாமல் எழுந்து போவார்கள். அதுதான் மரியாதை.

இருவரும் தாழ்ந்த குரலில் கலந்து பேசினார்கள். திரு. வின்டர்பர்ன் முன்பு வழக்கறிஞராக இருந்தவர்.

"விடைபெறாதவர் புறப்பட்டதாகக் கொள்ள முடியாது" என்றார். "எனவே பதிவுகளின்படி நீங்கள் நால்வரும் இன்னும் திரு. ஏன்ஸ்லியின் வரவேற்பறையில்தான் இருக்கிறீர்கள். விருந்து இப்போது ஐந்தாவது நாளாகத் தொடர்கிறது. இது அவருக்கு மிகுந்த அழுத்தத்தைக் கொடுக்கிறது."

ஆகவே வசீகரன் எழுத்தில் விடைபெற வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வீட்டில் யோகராணி அதைக் கேட்டுத் துள்ளி எழுந்தார். "எழுத்தில சொன்னா மட்டும் சாவு வராதோ? அந்த மனிசனைச் சாக்காட்டப் போறியளோ?" மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 'நாங்கள் ஒன்பதாம் திகதி மாலை ஐந்து பத்துக்கு அங்கு இல்லாமற் போனோம் என்பதை இத்தால் அறியத்தருகிறோம்' என்ற வாக்கியத்தை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. திருமதி தோர்ன்பெரி அதில் ஒரு காற்புள்ளி சேர்த்தார்.

விடைபெறும் கடிதம் மட்டும் போதவில்லை. அனுமதிக்கான கடிதத்தில் பணிப்பாளர் கையெழுத்திட வேண்டுமானால் வசீகரன் 'இடைவெளிப் பயிற்சி'யில் தேற வேண்டும் என்று குழு நிபந்தனை விதித்தது.

பயிற்சி கீழ்த்தளத்தில், படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறையில் நடந்தது. நாடகப் பள்ளி மாணவி ஒருத்தி துணிக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள். வசீகரன் கதவைத் திறந்து அவளைக் காண வேண்டும். இரண்டு கை நீளத் தூரத்தில் நிற்க வேண்டும். இரண்டு விநாடி. தலையைச் சற்று இடப்பக்கம் சாய்க்க வேண்டும். 'ஏதாவது தேவையென்றால் தயங்காமல் சொல்லுங்கள்' என்று சொல்ல வேண்டும். பதில் வருமுன் போய்விட வேண்டும்.

முதல் தரம் அவர் பெட்டியிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். தோல்வி. இரண்டாம் தரம், ஏன் அழுகிறாய் பிள்ளை என்று கேட்டுவிட்டார். தோல்வி, அந்த மாணவியை உண்மையிலேயே காதலன் விட்டுப்போயிருந்தான், அதைச் சொல்லத் தொடங்கினாள், அன்றைய வகுப்பு கெட்டது. மூன்றாம் தரம் எல்லாம் சரியாகச் செய்தார். ஆனாலும் திருமதி தோர்ன்பெரி தலையை ஆட்டினார்.

"உங்கள் குரலில் பிழை இருக்கிறது. தயங்காமல் சொல்லுங்கள் என்று நீங்கள் சொன்னதும் அவள் தயங்க வேண்டும். இப்போது நீங்கள் சொல்வதைக் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள்."

வீட்டில் கண்ணாடிக்கு முன் நின்று பழகினார். லக்சனா துணிக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுது உதவினாள். நான்காம் நாள் அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்பா, இப்ப எனக்கு உங்களிட்ட ஒண்டும் சொல்ல வேணும்போல இல்லை" என்றாள். தேறிவிட்டார் என்று வித்தியாவுக்கு விளங்கியது.

இறுதித் தேர்வு மார்ச் இருபத்தேழாம் திகதி, வியாழக்கிழமை. அனுமதி முடிய நான்கு நாள் இருந்தது. நடைபாதையின் கோடியில் திருமதி தோர்ன்பெரி புள்ளித் தாளோடு நின்றார். வசீகரன் அறைக் கதவைத் திறந்தார்.

நாடக மாணவிக்கு அன்று காய்ச்சல். அவள் வந்திருக்கவில்லை. துணிக்கூடைக்குப் பக்கத்தில், மடித்த விரிப்புகளுக்கு நடுவில், ஜெஃப்ரி ஏன்ஸ்லி உட்கார்ந்திருந்தார். கழுத்துப்பட்டி தளர்ந்திருந்தது. அழுதுகொண்டிருந்தார். மனிதர்கள் வராத இடம் என்று அந்த அறையை அவர் தெரிவுசெய்திருக்க வேண்டும்.

வசீகரனைக் கண்டதும் எழ முயன்றார். முடியவில்லை.

"மன்னியுங்கள்" என்றார். பிறகு, தரையைப் பார்த்தபடி: "அந்த அம்மா, உங்கள் உறவினர், அவர் நலமா?"

வசீகரன் இரண்டு கை நீளத் தூரத்தில் நின்றார்.

"நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன்" என்றார் ஏன்ஸ்லி. "சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான். பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறேன்."

அவருடைய வகையில் அதைவிட உரத்துக் கூப்பிட முடியாது. வசீகரனுக்கு அது நன்றாக விளங்கியது. மூன்று ஆண்டு அந்த மொழிக்குள் வாழ்ந்தவர். கீழே உட்கார இரண்டு அடி எடுத்துவைத்தால் போதும். நடைபாதைக் கோடியில் பேனா காத்திருந்தது. ஏன்ஸ்லி முகம் தெரியாத கோணத்தில் இருந்தார். அம்மையாருக்கு அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது, மாணவி நன்றாகச் செய்கிறாள் என்று நினைத்தார்.

இரண்டு விநாடி போனது. வசீகரன் தலையை இடப்பக்கம் சாய்த்தார்.

"ஏதாவது தேவையென்றால் தயங்காமல் சொல்லுங்கள்" என்றார்.

ஏன்ஸ்லி தயங்கினார். வசீகரன் போய்விட்டார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. வசீகரனின் வலது கண்ணில் ஈரம் தெரிந்ததற்காக இரண்டு புள்ளி கழிக்கப்பட்டது. இருபது நிமிடத்தில் ஏன்ஸ்லி முகம் கழுவி, பட்டியை இறுக்கி, மேசைக்கு வந்து கடிதத்தில் கையெழுத்திட்டார். "சிறப்பாகச் செய்தீர்கள்" என்று வசீகரனிடம் சொன்னார். எதைச் சொன்னார் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்று பின்னேரம் வித்தியா கடிதத்தைக் கணினியில் ஏற்றுமுன் உரக்க வாசித்தாள். திரு. வசீகரன் இந்நாட்டின் பண்புகளை முழுமையாகக் கற்றுக்கொண்டவர் என்றும், அவருடைய மனதில் என்ன இருக்கிறது என்பதைத் தங்களில் எவரும் இப்போது அறியமாட்டார்கள் என்றும், இதைவிடப் பெரிய சிபாரிசு தங்களிடம் இல்லை என்றும் அதில் இருந்தது. அருளம்பலம் கைதட்டினார்.

"பாத்தியே, செத்தவீட்டுக்குப் போனதால வந்தது!"

யோகராணி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "திங்கட்கிழமை அந்த மனிசிக்கு முப்பத்தோராம் நாள் வருகுது. வேலைநாள் எண்டா மனிசன் வீட்டில நிக்காது. ஞாயிற்றுக்கிழமையே போவம். கத்தரிக்காய் விருப்பமாச் சாப்பிட்டவர், அதையே வைக்கிறன். என்ன தம்பி?"

வசீகரன் கடிதத்தைப் பார்த்தார். அனுமதி இரண்டு ஆண்டுக்குத்தான். பிறகு இன்னொரு கடிதம் வேண்டும்.

"வேண்டாம் மாமி. வரவேண்டாமாம்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான்."

"என்ர தோளில கிடந்து அழுத மனிசன், வரவேண்டாமெண்டு உம்மட முகத்துக்கு நேர சொன்னவரோ?"

"ஓம்."

யோகராணி எண்ணிய விரல்களை மடக்கினார். "சரி" என்றார். "கல்லு நெஞ்சுச் சனங்கள். எங்களால என்ன செய்யேலும்."

"ஓம் மாமி" என்றார் வசீகரன்.

ஞாயிற்றுக்கிழமை மொன்றியலில் பருவம் தப்பிப் பனி கொட்டியது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஜெஃப்ரி ஏன்ஸ்லி காலையிலேயே மண்வெட்டியோடு வெளியே வந்தார். அவருடைய சின்னக் கார் வெளியேறத் தேவையான அகலத்தை அள்ளி முடித்த பிறகும் நிறுத்தவில்லை. ஒரு வான் வந்து நிற்கும் அளவுக்கு, தெருவிளிம்பு வரை அள்ளினார்.

நாயோடு போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று, "விருந்தாளிகள் வருகிறார்களா?" என்று கேட்டார்.

"இல்லை, இல்லை" என்றார் ஏன்ஸ்லி. "சும்மா, உடற்பயிற்சிக்கு."

நான்கு மணிக்கு மறுபடி பனி நிரம்பியிருந்தது. அவர் மறுபடி வந்து அள்ளினார்.